கோடு நடுவில் விழுந்தால்

சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. தட்டுகளைக் குளிரில் காக்கிற இன்குபேட்டர் கதவில் மூன்று பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, கைப்பிடியில் கதம்பமும் சுற்றியிருக்கிறார் ஆய்வக உதவியாளர் அங்குசாமி அண்ணன், வீட்டு பீரோவுக்குக்கூட இவ்வளவு செய்திருக்கமாட்டார், நல்ல மனுஷன், ஆனால் வெப்பம் காட்டுகிற அந்தச் சின்னத் திரையில் எண் எங்கே, வெளிச்சம் எங்கே, ஏன் இந்த அறையில் எப்போதும் இருக்கிற அந்த உர்ர் சத்தம் இல்லை என்று என் காது கேட்டது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. சுவிட்ச் அணைந்திருக்கிறது. ஏ.சி.யும் அணைந்திருக்கிறது. தோளில் பையோடு அப்படியே நிற்கிறேன். ஆயுத பூஜை, விஜயதசமி, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த சனி, ஞாயிறு, அத்தனை நாளும் இந்த மொட்டை மாடி அறை, மேலே வெறும் கான்கிரீட், ஜன்னல் எல்லாம் சீல் வைத்தது, புரட்டாசி வெயில், பொன்னுருகக் காயும் மண்ணுருகப் பெய்யும் என்பார்கள், இந்த வருஷம் காய்ந்ததோடு சரி, பெய்யவே இல்லை. "அண்ணே" என்று கத்தினேன். கையில் ஈரத்துணியோடு வந்தார். "மேடம், வந்துட்டீகளா, பொரி எடுத்து வச்சிருக்கேன், அவலும் இருக்கு." இதை யார் அணைத்தது என்றேன். முகத்தில் ஒரு பெருமை. "நான்தான் மேடம். வருசத்துக்கு ஒரு நா. அது பாவம், ராவும் பகலும் ஓடிக்கிட்டே கெடக்கு. எல்லா மிசினுக்கும் ஓய்வு குடுத்துட்டேன். மறுபூசை போட்டுத்தான எடுக்கணும், விஜயதசமிக்கு வந்து போடுவோம்னு பார்த்தேன், மச்சினன் வீட்ல இழுத்துக்கிட்டுப் போயிட்டாக." பிரிட்ஜ் மட்டும் ஓடுகிறதே என்றேன். "அதுல பால் இருந்துச்சு மேடம்." பால் இருந்தது. பாலுக்கு இருந்த யோகம் என் தட்டுகளுக்கு இல்லை. என்ன சொல்வது இவரை. உள்ளே காளீஸ்வரி அக்காவின் செடி இருந்தது அண்ணே என்றேன். அவர் கையிலிருந்த துணி சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை, திரும்பிக்கொண்டேன்.

தட்டுகளை வெளியே எடுக்கிறேன். உள்ளே இருந்து சூடு முகத்தில் அடிக்கிறது, மூடி வைத்த கார் கதவைத் திறந்த மாதிரி. எறும்பு ஏறவில்லை, பூஞ்சை இல்லை, கிருமி நுழையக்கூடாத அறையில் பொரியும் கடலையும் சிதறிக் கிடந்தும் தட்டைச் சுற்றிய ஒட்டுநாடா ஒட்டுநாடாவாகவே இருந்திருக்கிறது, அதற்கு ஒரு கும்பிடு. வட்டமான கண்ணாடித் தட்டு, அதற்குள் இறுகிய பாயசம் மாதிரி ஊட்டக்கூழ், அதன்மேல் அரிசி நொய் அளவுக்கு மகரந்தப்பைகள், வரிசையாக நானே இடுக்கியால் வைத்தவை. நுனி ஊதா இப்போது பழுப்பாகியிருக்கிறது. பழுப்பானால் செத்தது என்று அர்த்தம் இல்லை. செத்தாலும் பழுப்பாகத்தான் இருக்கும். இவ்வளவுதான் மிச்சம், இந்தத் தட்டுகளில் இருப்பதுதான் அந்தச் செடி, உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. போன வருஷம் இந்தக் கரிசல் முழுக்க மிளகாய் சுருட்டை விழுந்து இலையெல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றபோது காளீஸ்வரி அக்காவின் காட்டில் ஒன்றே ஒன்று மட்டும், நடுக்காட்டில், நிமிர்ந்து, பச்சைப்பசேலென்று. எனக்கு போன் போட்டு, "டாக்டரம்மா, ஒருத்தி மட்டும் வீம்பா நிக்கா, வந்து பாருங்க" என்றாள். நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன், அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. போய்ப் பார்த்தேன். வீம்புதான். பழத்தின் விதையை எடுத்துப் போட்டோம், முளைத்தது, சுருண்டது. கலப்பில் பிறந்த செடி, அதன் குணம் பிள்ளைகளிடம் சிதறிப் போகிறது, ஒருத்திக்கு மூக்கு, ஒருத்திக்கு முடி. சிதறாமல் பிடிக்க ஒரு வழிதான், மகரந்தத்திலிருந்தே செடி எடுப்பது. விதையில் இரண்டு பேர் கலக்கிறார்கள், மகரந்தத்தில் கலப்பே இல்லை, அதிலிருந்து வருவது பாதிச் செடிதான், ஆனால் அந்தப் பாதியை இரட்டிப்பாக்கிவிட்டால் அது தன்னைப் போலவே தலைமுறை தலைமுறையாக வரும். சொல்ல எளிது. மிளகாய் அதற்கு லேசில் மசியாது. வருஷக்கணக்காகச் செய்கிறேன், ஒரு தட்டிலும் ஒன்றும் எழுந்ததில்லை. விடுமுறை முடிந்து வந்து செடியையே வேரோடு பெயர்த்துத் தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்று இருந்தேன். பூஜைக்குச் சற்று முன்னால் மொட்டுகளைப் பறித்துவந்த மறுநாளே அக்காவிடமிருந்து போன். அழுகையா திட்டா தெரியவில்லை. "தின்னுபுடுச்சும்மா. கயித்தை அத்துக்கிட்டு வந்து அடியோட தின்னுபுடுச்சு. சுத்தி அம்புட்டுச் சுருட்டச் செடி நிக்கி, அதுல ஒண்ணையும் தொடல. நல்லது எதுன்னு ஆட்டுக்குத் தெரிஞ்சிருக்கு." அந்த வெள்ளாடு இன்னும் உயிரோடு இருக்கிறது, கொழுகொழுவென்று இருக்கிறதாம். நீங்கள் வருத்தப்படாதீர்கள் அக்கா, மொட்டு என்னிடம் இருக்கிறது என்று நான் சொன்னேன், என்ன தைரியத்தில் சொன்னேனோ.

ஒரு மகரந்தப்பையை எடுக்கிறேன். எடுத்தால் ஒன்று குறைந்தது. பார்ப்பது என்றால் கொல்வது, இந்தத் தொழிலில் இதுதான் எனக்குப் பிடிக்காத இடம், ஸ்லைடில் வைத்து, கார்மைன் சாயம் ஒரு சொட்டு, மேலே கண்ணாடிச் சில்லு, கட்டைவிரலால் ஒரு அழுத்து, பை வெடித்து உள்ளிருக்கும் மகரந்தமெல்லாம் சிவந்து பரவும், தெளிவாகத் தெரியும், செத்தும் போகும். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்க ஆளைத் தீர்த்துக்கட்டுவது. பார்க்காமலும் இருக்க முடியாது, எல்லாம் வெந்து போயிருந்தால் இன்றைக்கே அக்காவிடம் சொல்லிவிடவேண்டும், நாள் கடத்தி ஆசை காட்டக்கூடாது. ஸ்லைடை ஸ்பிரிட் விளக்கில் லேசாகக் காட்டுகிறேன். கண்ணை வைக்கிறேன். சிவப்பு. ஒரே சிவப்பு, கரை இல்லாத சிவப்பு, ஐயோ எல்லாம் கரைந்து கூழாகிப் போயிற்று என்று கண்ணை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் மூக்கில் வாசம் ஏறியது. குங்குமம். மைக்ராஸ்கோப்பின் இரண்டு கண்ணுக்கும் பொட்டு வைத்திருக்கிறார் மகராசன். லென்ஸ் காகிதத்தால் துடைக்கிறேன், துடைக்கத் துடைக்க இழுபடுகிறது, சிரிப்பு வருகிறது, கதவோரம் அவர் நிற்பது தெரிகிறது, சிரித்தால் மன்னித்துவிட்டேன் என்று நினைப்பார், சிரிக்கக்கூடாது. மறுபடி கண்ணை வைக்கிறேன். இப்போது வட்டம் தெளிகிறது. வட்டத்துக்குள் வட்டங்கள். தேடவேண்டியது ஒரு கோடு. அவ்வளவுதான், ஒரு கோடு, அது நடுவிலா ஓரத்திலா. மகரந்தத்துக்கு ஒரு விதி எழுதியிருக்கிறது, அது பிரியும்போது சமமாகப் பிரியாது, கோடு ஓரத்தில் விழும், பெரியது ஒன்று, சின்னது ஒன்று, பெரியது குழாயாக நீண்டு வழிகாட்டும், சின்னது அதற்குள் பயணம் போகும், சூலைத் தொடும், முடிந்தது. ஓரத்தில் கோடு விழுந்தால் அது தன் பாட்டில் போகிறது என்று அர்த்தம், இந்தத் தட்டில் போய்ச்சேர ஒரு பூவும் இல்லை, சும்மா செத்துப்போகும். கோடு நடுவில் விழுந்தால், இரண்டும் சமமாக நின்றால், அது போகிற வழியை விட்டுவிட்டது, நான் தூது போகவில்லை, நானே செடியாகிறேன் என்று தீர்மானித்துவிட்டது. அது வெறும் கோடு இல்லை.

இது செத்தது. இதுவும். தோல் சுருங்கி, சாயம் ஏறாமல், வெறும் ஓடு. ஸ்லைடை நகர்த்துகிறேன். செத்தது, செத்தது, இது ஓரத்துக் கோடு, ஓரத்துக் கோடு, செத்தது. இவ்வளவு சாவை ஒரு கண்ணாடிச் சில்லுக்கு அடியில் பார்க்கிறேன், வெளியே ஏதோ லாரி ஆரன் அடிக்கிறது. முதல் வருஷம் நானும் சூட்டில் வைத்துப் பார்த்தேனே, குடைமிளகாய்க்குச் செய்வது போல், எடுத்த எடுப்பில் முப்பத்தைந்து டிகிரி, அத்தனையும் கருகின, அன்றிலிருந்து பச்சைப்பிள்ளையைப் பார்ப்பது போல் குளிரக் குளிர வைத்தேன், இந்தப் புரட்டாசி வந்து அத்தனையையும் கெடுத்தது. செத்தது, ஓரம், செத்தது. பூஜைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா என் பழைய கல்லூரிப் புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கிச் சந்தனம் வைத்துவிட்டு, அந்தப் புத்தகங்களைப் பார்த்தே சொன்னாள், என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, "எல்லாம் படிச்சா, பாதியா வந்து நிக்கா." பாதி. சென்னையில் ஒரு சித்திரை மாசம், மூன்றாவது மாடி, கரண்ட் இல்லை, கட்டினவன் கத்திக்கொண்டிருக்கிறான், நான் அவன் வாயைப் பார்க்கிறேன், சத்தம் கேட்கவில்லை, வியர்வை முதுகில் கோடு கோடாக இறங்குவது மட்டும் தெரிகிறது, அப்போது ஒன்றும் தீர்மானிக்கவில்லை, அழவுமில்லை, எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன், செருப்பைப் போட்டேன், அவ்வளவுதான் நடந்தது. திலகவதி, ஸ்லைடைப் பார், உன் கதையை இதில் ஏற்றாதே, அது மிளகாய். மிளகாய்தான். ஆனாலும் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது, இத்தனை வருஷம் கழித்தும் வலிக்கிறது, அதை யாரிடம் சொல்வது. பாதி என்றால் குறை என்று யார் சொன்னது, இந்தச் செல்லுக்கும் பாதிதான் இருக்கிறது. ஓரம். செத்தது. செத்தது. கண் எரிகிறது. போன் பைக்குள் அதிர்கிறது, யாரென்று பார்க்காமலே தெரியும், விடுமுறை முடிந்த காலையென்றால் காளீஸ்வரி அக்காதான், "எம் பிள்ளை கண்ணு முழிச்சிருச்சா டாக்டரம்மா" என்பாள், ஆடு தின்ற நாளிலிருந்து இதே கேள்விதான். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்ல, ஆடு தின்ற மிச்சத்தைச் சாமி தின்றது என்றா.

நில். நகர்த்தாதே. இது என்ன. வட்டம் மற்றதைவிடப் பெருத்திருக்கிறது. ஊதியிருக்கிறது. நடுவில் மெல்லிசாக ஒரு. இல்லை, மடிப்பாக இருக்கும், கண்ணாடி அழுத்தியதில் தோல் மடிந்திருக்கும், எத்தனை முறை மடிப்பைப் பார்த்து ஏமாந்திருக்கிறாய். அல்லது குங்குமம், ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும். கண்ணெடுத்து, துடைத்து, மறுபடி வைக்கிறேன். போகவில்லை. குமிழைத் திருகுகிறேன், மேலே, கீழே, மடிப்பாக இருந்தால் மேலே போகும்போது மறையும். மறையவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே சுவர். நடுவில். நட்ட நடுவில். இந்தப் பக்கம் ஒரு கரு சிவப்பாக, அந்தப் பக்கம் ஒரு கரு அதே அளவு, அதே சிவப்பு, ஒன்று பெரிது ஒன்று சின்னது இல்லை, தராசில் வைத்தது போல. கோடு நடுவில் விழுந்திருக்கிறது. அட என் தங்கமே. நீ எப்படி இதைச் செய்தாய். செடியிலிருந்து பிய்த்துவிட்டார்கள், வேர் இல்லை, இலை இல்லை, பாலூட்ட ஆளில்லை, இருட்டில் அடைத்துவிட்டார்கள், பகலெல்லாம் வேகிறது, ராத்திரி கொஞ்சம் இறங்குகிறது, மறுநாள் இன்னும் ஏறுகிறது, கெட்டுப்போன காலத்தில் எல்லாரும் செத்துக்கொண்டோ பழைய வழியிலேயே போய்க்கொண்டோ இருக்க, நீ மட்டும் எழுதியதை மறந்தாய். மறப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உனக்கு மூளை இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை, ஒரு தூசி, கை விரலில் ஒட்டினால் தெரியாத தூசி, உனக்குள் ஒரு முழுச் செடி இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது. நகர்த்துகிறேன், பக்கத்திலேயே இன்னொன்று, இதுவும் நடுக்கோடு, கொஞ்சம் தள்ளி ஒன்று, இது இரண்டையும் தாண்டி நான்காகிவிட்டது, சின்ன நெல்லிக்காய்க்குள் சுளை பிரிந்தது போல நான்கு. நான் இத்தனை வருஷம் பொத்திப் பொத்திக் குளிரில் வைத்தேன், நோகாமல் வைத்தேன், நோகாமல் இருந்தவரை அதற்கு மாறவேண்டிய அவசியமே வரவில்லை. எடுத்த எடுப்பில் சுட்டபோது கருகியது. இந்தப் புரட்டாசிதான் அளவு தெரிந்து காய்ந்திருக்கிறது, ஏறி இறங்கி, இறங்கி ஏறி, அடுப்பில் வேலை தெரிந்தவர்கள் தீயைத் தணித்துத் தூண்டுவது போல. எனக்குத் தெரியாததை ஒரு மொட்டை மாடி செய்திருக்கிறது. வெட்கமாக இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது, ஸ்லைடின் முன்னால் எழுந்து நிற்கவேண்டும் போல இருக்கிறது. இவை மூன்றும் இப்போது சாயத்தில் செத்துக் கிடக்கின்றன. நான்தான் கொன்றேன். வாழவிட்டிருந்தால் இவற்றில் ஒன்று ஒருவேளை அக்காவின் காட்டில் வீம்பாக நின்றிருக்கும்.

இன்னொரு பையை எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு பையில் வந்தது மற்றதிலும் வந்திருக்கிறதா, அந்தத் தட்டில், அடுத்த தட்டில், உறுதி செய்யவேண்டாமா, இதுவே தற்செயலாக இருந்தால். இடுக்கி கையில் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் போதும். அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எதற்கு உறுதி, யாருக்கு, என் மனசு நிம்மதிக்கு இன்னும் எத்தனையைக் கொல்வது, பிள்ளை தூங்குகிறதா என்று பார்க்கத் தட்டித்தட்டி எழுப்புகிற கதை. இடுக்கியைக் கீழே வைக்கிறேன். வைக்க இவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. தட்டுகளை அடுக்கி எடுத்துப் போய் மறுபடி அந்தச் சூட்டுக்குள்ளேயே வைத்துக் கதவைச் சாத்துகிறேன். திரும்பினால் அங்குசாமி அண்ணன் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைக்கக் கை நீட்டிக்கொண்டு வருகிறார், இன்னொரு கை சுவிட்சுக்குப் போகிறது, "இந்தா போட்டுறேன் மேடம், இப்பவே போட்டுறேன், ஏ.சி.யையும் போட்டுறேன்." "தொடாதீங்க!" அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அவர் கை அந்தரத்தில் நிற்கிறது. கண் கலங்கியிருக்கிறது அவருக்கு, வயசான மனுஷன், இரண்டு வருஷத்தில் ரிட்டயர்டு. "மேடம், ஆபீசுக்கு என் பேர எழுதிக் குடுத்துருங்க, நாஞ் செஞ்சதுதான்" என்கிறார். எழுதிக் கொடுப்பதென்றால் என்னத்தை எழுத, இத்தனை வருஷம் என்னால் முடியாததை இவர் ஒரு கதம்பத்தால் முடித்துவிட்டார் என்றா, அதுவும் நிஜமில்லை, இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, தெரிந்து செய்தது உள்ளே இருக்கிற அதுதான். "அண்ணே, மறுபூசை இன்னும் போடலைல்ல?" "போடல மேடம்." "போடாம எடுக்கக்கூடாதுல்ல?" "கூடாது." "அப்ப இருக்கட்டும். நான் சொல்றப்பப் போடுவோம். அதுவரைக்கும் இந்த ரூம்ல மிசினுக்கு ஓய்வு." அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார், பிறகு தயங்கித் தயங்கி, "மேடம், உங்க கண்ணச் சுத்திக் குங்குமம்" என்கிறார். தொட்டுப் பார்க்கிறேன். கன்னம் வரை ஈரமாக, சிவப்பாக வழிந்திருக்கிறது. எப்போது அழுதேன்.

போன் மறுபடி அதிர்கிறது. இந்த முறை எடுக்கிறேன். மூச்சு வாங்குகிறது அவளுக்கு, காட்டிலிருந்துதான் பேசுகிறாள், காற்று இரைகிறது. "டாக்டரம்மா, மொத போனை எடுக்கலயே. செத்துப்போச்சுன்னா சொல்லிருங்க. நான் மனசத் தேத்திக்கிடுவேன். சும்மா ஆசையா வச்சிக்கிட்டுக் கெடக்கதுக்கு." சொல்ல எவ்வளவோ இருக்கிறது. கோடு, நடு, ஓரம், பாதி, சூடு. இது தொடக்கம்தான் அக்கா, இன்னும் எத்தனையோ தடவை பிரிந்து, உருண்டு, முளைத்து, பிறகுதான், நடுவில் எதுவும் ஆகலாம் என்று எச்சரிக்கையும் செய்யவேண்டும். அவள் பக்கம் எங்கோ, ரொம்ப கிட்டத்திலேயே, அது கத்துகிற சத்தம் கேட்கிறது, கொழுகொழுவென்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல். "அக்கா" என்கிறேன், "மொதல்ல அந்த ஆட்டைக் கட்டிப் போடுங்க."